ரெண்டு பட்டன் போதும்

— மூணு வாரமா ஒரு சர்க்யூட் போர்டு பார்த்துக்கிட்டு இருக்கடா நீ. வீடு பார்க்கிறவங்களே இதுக்குள்ள வாங்கிக் குடி போயிருப்பாங்க.

— அதாவது பாருக்கா, இது அவசரப்பட்டு வாங்குற சாமான் இல்ல. தப்பா எடுத்துட்டா அலமாரியில போய்ப் படுத்துக்கும்.

— ஏற்கனவே உன் அலமாரியில படுத்துக்கிட்டு இருக்கிறதெல்லாம் என்ன?

— தப்பா எடுத்தது. அதனாலதான் சொல்றேன்.

— லேப்டாப்பை இந்தப் பக்கம் திருப்பு. கிண்ணத்தைத் தள்ளி வை, மேல கொட்டிடப் போற. ம், மேல சொல்லு. என்னென்ன பார்த்து வச்சிருக்க?

— மூணு. முதல் ஒண்ணு பெரிசு. டிவியோட சேர்த்தா படம் காட்டும், நெட்வொர்க் ஒயர் சொருகலாம், வரிசையா விளக்கு, வரிசையா ஸ்விட்ச்…

— விலையைப் பார்த்தியா?

— பார்த்தேன்.

— பார்த்துட்டும் வச்சிருக்க.

— பார்க்கிறதுக்கு யாரும் காசு கேட்கலையே.

— அதை லிஸ்ட்லேர்ந்து எடு முதல்ல. அடுத்தது?

— இது நடுத்தரம். நாலு பட்டன், நாலு விளக்கு. நாம எழுதினதை ஏத்துறதுக்குத் தனியா ஒரு கருவி வாங்க வேண்டாம், போர்டுலயே இருக்கு. ஆனா இவங்க சாஃப்ட்வேர் இருக்கே, அதை இறக்கினா நம்ம கம்ப்யூட்டர்ல பாதி இடத்தை முழுங்கிட்டு ஏப்பம் விடும்.

— மூணாவது?

— சின்னது. தீப்பெட்டி மாதிரி இருக்கும். ரெண்டே ரெண்டு பட்டன். சாஃப்ட்வேர் இலவசம், இடமும் அடைக்காது. கரண்ட் போனா மறந்துடாம இருக்க உள்ளேயே மெமரி வச்சிருக்கான். விலையும் கைக்கு அடக்கம். என்ன, கூட வர்ற விளக்கப் புத்தகம்தான் அரைகுறை. பாதியை நாமளே முட்டி மோதித் தெரிஞ்சுக்கணும்.

— அப்புறம் என்ன யோசனை? ரெண்டு பட்டன் போதும்டா நமக்கு. ஆளு ரெண்டு பேர், பட்டன் ரெண்டு. கணக்கு சரியாப் போச்சு.

— டேய் சின்னவனே! இந்த இயர்போன் பேசலடா!

— ஒரு பக்கம்தானேப்பா? நேத்தே சொன்னீங்களே. சாயந்திரம் பிரிச்சுப் பார்க்கிறேன்!

— அது இல்லடா, இன்னொரு…

— சாயந்திரம்ப்பா! இங்க ஒரு வேலையா இருக்கேன்!

— பாவம்டா அப்பா. போய்ப் பார்த்துட்டுத்தான் வாயேன்.

— ரேடியோ செய்திதானேக்கா. ஒரு காதுல கேட்டாலும் அதே செய்திதான்.

— உனக்குக் கொழுப்பு.

— அவர்கிட்டயிருந்து வந்ததுதான்.

— சரி, எனக்கு ஒண்ணு தெரியணும். ரெண்டு பட்டன், ரெண்டு விளக்கு. இதுக்கு எதுக்கு எஃப்பிஜிஏ போர்டு? தெருமுனைக் கடையில கிடைக்கிற சாதா கன்ட்ரோலர் போதுமே. அலமாரியில கூட ஒண்ணு இருக்கும்.

— நீ கேட்கலாமா இதை? சிப் கம்பெனியில அடுத்தவன் பண்ணின தப்பைக் கண்டுபிடிக்கிறதுதானே உனக்கு வேலை?

— உன் வாயால கேட்கணும்.

— சாதா கன்ட்ரோலர் ஒரு வேலையை முடிச்சுட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். முதல்ல உன் பட்டனைப் பார்க்கும், அப்புறம் என் பட்டனைப் பார்க்கும். எவ்வளவு வேகமாப் பார்த்தாலும் முதல்ல யாரைப் பார்க்குதோ அவங்களுக்குக் கொஞ்சம் சாதகம். எஃப்பிஜிஏ அப்படி இல்ல. உள்ள வெறும் லாஜிக் மட்டும் கொட்டிக் கிடக்கும். நாம எழுதிக் கொடுக்கிற மாதிரி அது தன்னையே ஒயர் பண்ணிக்கும். உன் பட்டனுக்குத் தனி வழி, என் பட்டனுக்குத் தனி வழி. ரெண்டையும் ஒரே சமயத்துல பார்க்கும். அப்பா லிஃப்டுக்குப் போட்ட ரிலே பேனல் மாதிரியேதான். அதை ஸ்க்ரூடிரைவர் வச்சுப் பண்ணார், இதைக் கீபோர்டு வச்சுப் பண்றோம்.

— ம். பாஸ்.

— டீச்சர் மாதிரி பேசாத.

— அப்போ சின்னதையே கூடையில போடு. இன்னைக்கு ஆர்டர் பண்ணா புதன்கிழமை வந்துடும். எங்க ஆபீஸ்ல வெளியூர் வேலைக்கு வியாழக்கிழமைக்குள்ள பதில் கேட்டிருக்காங்க. உங்க ஆளுங்க?

— வெள்ளிக்கிழமை.

— தெரிஞ்சுக்கிட்டே மூணு வாரம் இழுத்திருக்க.

— இழுக்கல. தேர்ந்தெடுத்தேன்.

— தேர்ந்தெடுத்த! போர்டு வர்ற வரைக்கும் யாரும் பட்டனை அமுக்க வேண்டாம், யாராவது அமுக்குற வரைக்கும் யாரும் மூட்டை கட்ட வேண்டாம். எனக்குப் புரியாதுன்னு நினைச்சியா?

— அதாவது பாருக்கா, பழையபடி பட்டன் பெட்டி வச்சுத்தான் முடிவு பண்ணணும்னு பிடிவாதம் பிடிச்சது நீ. நான் பேசி முடிச்சுக்கலாம்னேன்.

— பேசி முடிக்கிறதா? நம்ம வீட்டுல எது பேசி முடிஞ்சிருக்கு? ஜன்னல் சீட் யாருக்கு, மேல் கட்டில் யாருக்கு, டிவியில என்ன பார்க்கிறது, எல்லாம் அப்பாவோட பெட்டிதான் சொல்லிச்சு. அம்மா ஸ்பூனைத் தட்டுல போடுவா. சத்தம் கேட்டதும் அமுக்கணும். யார் விளக்கு எரியுதோ அவங்க சொன்னதுதான். அழக் கூடாது, அப்பீல் கிடையாது.

— நீ அழுதிருக்க.

— நீதான்டா எப்பவும் ஜெயிப்ப! ஜன்னல் சீட்டுல நான் உட்கார்ந்ததே இல்ல. எங்க போனாலும் உன் பின்மண்டையைப் பார்த்துக்கிட்டே போயிருக்கேன்.

— அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற?

— ஒண்ணும் பண்ண வேண்டாம். பழைய பெட்டி செத்துப் போச்சு, புதுப் பெட்டி பண்ணு. ஜெயிக்கிறவங்க கிளம்பட்டும். தோக்கிறவங்க ரெண்டு வருஷம் அப்பாவோட இருக்கட்டும். இது ஒத்துக்கிட்ட விஷயம்.

— மெதுவாப் பேசு.

— காதுல மாட்டியிருக்கார், கேட்காது.

— அப்பாகிட்ட இதைப் பத்திக் கேட்டியா?

— எதை?

— யார் இருந்தா அவருக்குச் சௌகரியம்னு.

— கேட்டா என்ன சொல்லுவார்? ‘ரெண்டு பேரும் போங்க, நான் பார்த்துக்கிறேன்’ம்பார். என்னத்தைப் பார்த்துக்குவார்? எதிர்ல வர்ற ஆளோட முகம் தெரியல, ஓரம் மட்டும்தான் தெரியுது. போன வாரம் அடுப்பைப் பத்த வச்சுட்டுப் பாத்திரத்தை மேடையில வச்சிருக்கார். வெறும் அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கு.

— அவர் நண்பர் ஃபோர்மேன் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் பண்ணி, இங்க வந்து இருன்னு கூப்பிடுறாரே.

— அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றதுடா. கம்பெனியில ஒண்ணா லிஃப்ட் மாட்டின பாசம். நாலு ரிட்டயர் ஆன ஆளுங்க ஒரு வீட்டுல சேர்ந்து இருக்காங்களாம், சமைக்க ஒரு ஆளாம், பின்னாடி ஒரு பட்டறையாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. கண் தெரியாத ஆளைப் போய்ப் பட்டறையில விடுவாங்களா?

— அப்பா என்ன சொல்றார் அதுக்கு?

— அவர் என்ன சொல்லப் போறார்? ‘பார்க்கலாம் பார்க்கலாம்’னு சொல்லி போனை வைப்பார். அதை விடு. நீ எழுதினதைக் காட்டு.

— எதை?

— பெட்டிக்கு எழுதினதை. போர்டு இல்லாமயே கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தேன்னு சொன்னியே.

— அதெல்லாம் சரியா ஓடுதுக்கா. நீ பார்க்கணும்னு இல்ல.

— பார்க்கணும்னு இல்லன்னு சொன்னா கட்டாயம் பார்க்கணும். பன்னண்டு வருஷமா இதுல சம்பளம் வாங்குறேன். திற.

— இந்தா. சின்னதுதான்.

— ம்… கடிகாரத் துடிப்பு… பட்டன் ரெண்டு… இது என்ன? பட்டனை ஏன் இவ்வளவு மெதுவாப் பார்க்கிற? ஒரு தடவை பார்த்துட்டு, ஒருத்தர் கண்ணை மூடித் திறக்கிற நேரம் கழிச்சுத்தான் அடுத்த தடவை பார்க்குது.

— பட்டன் துள்ளும்க்கா. ஒரு தடவை அமுக்கினா உள்ள இருக்கிற தகடு நாலஞ்சு தடவை தொட்டுத் தொட்டு விலகும். மெதுவாப் பார்த்தா அந்தத் துள்ளல் தெரியாது. எல்லாரும் பண்றதுதான்.

— எண்ணிக்கை எண்ணுறவன் பண்ணுவான். நீ எண்ணப் போறியா? யார் முதல்லன்னு மட்டும்தானே வேணும்? முதல் தடவை தொட்டதுமே முடிஞ்சு போச்சு. அப்புறம் அது துள்ளினா என்ன, குட்டிக்கரணம் போட்டா என்ன?

— பழக்கத்துல எழுதிட்டேன்.

— சரி, பழக்கம். மேல போவோம். ‘சிவப்பு அமுக்கியிருந்தா சிவப்பு விளக்கு. இல்லாட்டி, பச்சை அமுக்கியிருந்தா பச்சை விளக்கு.’ முதல்ல சிவப்பைக் கேட்கிற.

— ஏதாவது ஒண்ணை முதல்ல எழுதித்தானேக்கா ஆகணும்.

— இப்போதானே சாதா கன்ட்ரோலர் முதல்ல பார்க்கிறவங்களுக்குச் சாதகம்னு எனக்குப் பாடம் எடுத்த? அதையே நீ இங்க எழுதி வச்சிருக்க. அதுவும் மெதுவாப் பார்க்கிற. அந்த இடைவெளிக்குள்ள நீ முன்னாடி அமுக்கினாலும், நான் பின்னாடி அமுக்கினாலும், பெட்டிக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். ஒண்ணாத் தெரிஞ்சா சிவப்புக்குத்தான் விளக்கு. சிவப்பு யாரு?

— நீ.

— எப்பவும் நான்தான் சிவப்பு. போர்டு வந்ததும் ஒரு பட்டன்ல சிவப்பு நெயில் பாலிஷ் தடவித் தர்றேன்னு நேத்து நான்தானே சொன்னேன். இது பழக்கம் இல்லடா. இது ஏமாத்து வேலை.

— ஏமாத்து இல்ல. சமன் பண்ணேன்.

— எதுக்கு எதைச் சமன் பண்ண?

— தப்பா எடுத்துக்காத. பழைய பெட்டியைப் பிரிச்சேன் போன மாசம். புதுசா வாங்குறதுக்கு முன்னாடி அதையே சரி பண்ண முடியுமான்னு பார்க்கலாம்னு.

— மேல சொல்லு.

— ரெண்டு ரிலே ஸ்விட்ச். ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. எது முதல்ல இழுக்குதோ அது மத்ததோட வழியை வெட்டிடும். லிஃப்ட்ல பண்றதுதான். ஆனா சிவப்பு ரிலேவோட சுருளுக்குக் குறுக்கே கட்டை விரல் தடிமனுக்கு ஒரு கெப்பாசிட்டர். கூடவே ஒரு ரெசிஸ்டர்.

— என் ரிலேவுக்கா?

— உன் ரிலேவுக்குத்தான். நீ அமுக்கினா முதல்ல அது நிரம்பணும், அப்புறம்தான் ரிலே இழுக்கும். என்னோடது உடனே இழுக்கும்.

— வேற யாராவது அப்புறமா வச்சிருப்பாங்களோ?

— அப்பா வச்ச சாலிடர் ஒட்டுதான்க்கா. உருண்டையா, பளபளன்னு, மேல ஒரு சொட்டு வார்னிஷ். அவர் கை எனக்குத் தெரியாதா?

— உனக்குச் சலுகை வச்சிருக்கார்!

— எனக்கு அப்போ கை ரொம்பச் சின்னது. நீ ஒரு வயசு பெரியவ. எப்பவும் தோத்துட்டு ஊரைக் கூட்டுவேன்னு வச்சிருப்பார். அப்புறம் எடுக்க மறந்துட்டார். அதான், அப்போ எனக்கு வச்சதை இப்போ உனக்குத் திருப்பி வச்சேன். கணக்கு சரியாப் போச்சு.

— ஜன்னல் சீட்!

— ம்.

— மேல் கட்டில்! அந்த நீல சைக்கிள்!

— எல்லாம்தான்.

— இருபது வருஷமா எனக்குக் கையே மந்தம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்டா. ஆபீஸ்ல கேரம் விளையாடக் கூப்பிட்டா கூடப் போனதில்ல. இவரை… இரு, வாய்க்கு வர்றதை அடக்கிக்கிறேன்.

— காதுல மாட்டியிருக்கார். சும்மா திட்டு.

— இரு, இரு. ஒரு நிமிஷம். அப்போ நான் ஒரே ஒரு தடவை ஜெயிச்சிருக்கேனே.

— என்னைக்கு?

— என்னைக்குன்னு கேட்கிற? காலேஜுக்குடா! மஞ்சள் காமாலையில ஒரு வருஷம் போய் நான் உன் கிளாஸுக்கே வந்து விழுந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணா முடிச்சோம். ரெண்டு பேருக்கும் இன்ஜினியரிங் சீட்டு கிடைச்சுது. அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடிட்டாங்க. ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும்னார். பெட்டியை எடுத்து இதே டேபிள்ல வச்சோம். அம்மா ஸ்பூனைப் போட்டா. சிவப்பு எரிஞ்சுது.

— ஆமா. அது ஒண்ணு ஜெயிச்ச. நல்லதாப் போச்சு. போர்டை ஆர்டர் பண்ணிடவா?

— கையை எடு அதுலேர்ந்து. என் ரிலே லேட்டா இழுக்கும். எவ்வளவு லேட்டு?

— அளந்து பார்க்கல.

— பொய். நீ அளக்காம விட மாட்ட. எவ்வளவு?

— கால் செகண்டுக்குக் கொஞ்சம் மேல.

— கால் செகண்டு! சத்தம் கேட்டு ஒரு ஆள் விரலை அசைக்கிறதுக்கே அவ்வளவு ஆகாதே. நான் அம்மா ஸ்பூனைப் போடுறதுக்கு முன்னாடியே அமுக்கியிருந்தாத்தான் உண்டு. முன்னாடி அமுக்கினா ஆட்டம் செல்லாது, அம்மா கண்கொத்திப் பாம்பா பார்த்துக்கிட்டு நிப்பா. அப்போ அன்னைக்கு நீ லேட்டு.

— லேட்டா இருந்திருப்பேன்.

— நீயா? மேஜையிலேர்ந்து விழற டம்ளரைப் பாதி வழியில பிடிக்கிறவன்டா நீ. நேத்து கூடப் பிடிச்ச. லென்ஸ் கடையில நீ வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு கண்ணாடியைக் கீழ போட்டதில்லன்னு உன் முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறார்.

— அக்கா, இதெல்லாம் பழைய கதை.

— எவ்வளவு லேட்டா அமுக்கின?

— விடேன்.

— எனக்குத் தெரியணும். நான் இதைப் படிச்சு, இதுலயே சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். எவ்வளவு லேட்டு?

— லேட்டே இல்ல. நான் அமுக்கவே இல்லக்கா. தண்ணி வேணுமா?

— ஏன்டா?

— பெரிய தியாகம்னு எல்லாம் எடுத்துக்காத. ரெண்டு பேரும் பட்டன் மேல விரலை வச்சுக்கிட்டு நின்னோம். உன் விரல் நடுங்கிச்சு. என் விரலைப் பார்த்தேன், அது பாட்டுக்குச் சும்மா இருந்துது. யாருக்கு வேணும்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. ஸ்பூன் விழுந்துது, விட்டுட்டேன். அவ்வளவுதான்.

— நீ படிச்சிருக்கலாம்.

— படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அலமாரியைப் பாரு.

— ஜோக் அடிக்காத.

— நிஜமாச் சொல்றேன். லென்ஸ் தேய்க்கிறது எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு. பகல்ல கண்ணாடி, மத்த நேரத்துல போர்டு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஓடலேன்னா நான் மட்டும்தான் திட்டுவேன். நீ எங்கேயோ டெஸ்ட் டீமுக்குத் தலைவியா ஆகப் போற ஆளு. நான் எதுக்கு முகத்தைத் தூக்கி வச்சுக்கணும்?

— அந்த வானியல் கூடத்துல உன்னைக் கூப்பிட்டிருக்காங்க. பெரிய டெலஸ்கோப் கண்ணாடி தேய்க்கிற வேலை, ஆள் உயரத்துக்கு. அது உனக்கு வேணுமா வேண்டாமா?

— வேணும்.

— எவ்வளவு?

— ரெண்டு வாரமா அதைத்தான் கனவுல தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்.

— அப்போ கீபோர்டை இப்படிக் குடு.

— என்ன பண்ற?

— உன் ஏமாத்து வேலையை அழிக்கிறேன். மெதுவாப் பார்க்கிற வேலையே வேண்டாம். சிவப்பும் பச்சையும் ஒரே துடிப்புல வந்தா ரெண்டு விளக்கும் எரியாது, மறுபடி ஸ்பூன். அப்புறம், இன்னொரு விதி. ஒருத்தர் அமுக்கி மத்தவர் அமுக்காமயே இருந்தா அந்த ஆட்டம் செல்லாது. ரெண்டு பேரும் அமுக்கினாத்தான் யாருக்காவது விளக்கு எரியும். இனிமே இந்த வீட்டுல எவனும் விட்டுக் குடுக்க முடியாது. எப்படி?

— நல்ல விதிதான்.

— பன்னண்டு வருஷ அனுபவம்டா.

— ஆனா அப்போ விளக்கு எரியவே எரியாதுக்கா.

— ஏன்?

— நான் அமுக்க மாட்டேன்.

— வேணும்னு இப்போதானே சொன்ன!

— வேணும். அதுக்காக? உனக்கு வியாழக்கிழமை கெடு. எனக்குக் கண்ணாடி அடுத்த வருஷமும் இருக்கும், அதை ஒருத்தன் ஒரு நாள்ல தேய்ச்சு முடிச்சுட முடியாது. அப்பாவுக்கும் எனக்கும் ஒத்துப் போகும். நீ இருந்தா அவரைக் கேள்வி கேட்டே கொன்னுடுவ.

— சிரிக்காத. நானும் ஒண்ணு சொல்லணும்.

— மேல சொல்லு.

— என் வார்த்தையைத் திருடாத. நானும் அமுக்கப் போறதில்ல.

— என்னது?

— எதுக்குப் பெட்டி பெட்டின்னு பிடிவாதம் பிடிச்சேன்னு நினைச்ச? பேசினா நீ என்னைத்தான் அனுப்புவ. பெட்டின்னா, ஸ்பூன் விழுந்ததும் உன் கை பழக்கத்துல தானா அமுக்கிடும், நான் சும்மா இருந்துட்டா முடிஞ்சுதுன்னு நினைச்சேன். நீ காலேஜை இழந்தது எனக்குத் தெரியாதா? நியாயமாத் தோத்தன்னு நினைச்சப்பவே எனக்கு உறுத்திக்கிட்டுத்தான் இருந்துது. இப்போ அதுவும் போச்சு.

— அதாவது பாருக்கா… ரெண்டு பேரும் அமுக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாடுபட்டு ஒரு பெட்டி பண்ணிக்கிட்டு இருந்திருக்கோம்.

— ஆமா.

— அப்போ பெரிய போர்டா இருந்தா என்ன, சின்ன போர்டா இருந்தா என்ன?

— சின்னதே இருக்கட்டும். எரியாத விளக்குக்கு எதுக்குப் பெரிய செலவு?

— சிரிக்கிற.

— வேற என்ன பண்ணச் சொல்ற? அப்படியே பண்ணாலும் அம்மா இல்ல. ஸ்பூனை யார் போடுறதுன்னு யோசிச்சியா?

— அப்பாவைப் போடச் சொல்லலாம்னு இருந்தேன். கண் தெரியாட்டி என்ன, ஸ்பூனைக் கையிலேர்ந்து விடத் தெரியும்ல. அவரும் எதுலயோ கலந்துக்கிட்ட மாதிரி இருக்கும்.

— ம். அதுவும் சரிதான். மறுபடியும் முதல்லேர்ந்து யோசிப்போம். ஆர்டர் பண்ணிட்டியா?

— இல்ல, கூடையில இருக்கு. ஒரு தடவை அமுக்கினா போதும். அமுக்கவா?

— அமுக்கு. அதையாவது ஒருத்தர் அமுக்குவோம்.

— டேய் சின்னவனே, அமுக்காதடா.

— இதோ வர்றேன்ப்பா! இயர்போன்தானே? கொண்டாங்க, இப்பவே பிரிச்சுப் பார்க்கிறேன்.

— நீ வர வேண்டாம். அது காலையிலேயே ரெண்டு பக்கமும் செத்துப் போச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன், எங்க சொல்ல விட்ட?

— அப்போ… இவ்வளவு நேரம்?

— சும்மா காதுல சொருகிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்கு. அந்தக் கெப்பாசிட்டரை நான் எடுக்க மறக்கல, எடுக்க மனசு வரல. அதை அப்புறம் பேசிக்கலாம்.

— அப்பா, நாங்க உங்களை…

— பெரியவளே, அந்தச் சின்ன போர்டைக் கூடையிலேர்ந்து எடுக்கச் சொல்லு. நாலு பட்டன் போர்டுன்னு ஒண்ணு சொன்னானே, அதை வாங்கச் சொல்லு.

— எதுக்குப்பா? நாங்க ரெண்டு பேர்தானே?

— ஃபோர்மேன் எனக்குன்னு ஒரு ரூமை ஒழிச்சு வச்சு நாலு மாசமாச்சு. ஸ்பூன் போட வேற ஆளைப் பாருங்க, நானும் அமுக்கணும்.